அழுகையும் ஒரு மெய்ப்பாடு

தன்னம்பிக்கை நூல் என்று ஒரு வகை தமிழில் நிலைபெற்றுவிட்டது. கதையும் கவிதையும் தொடாத கைகள்கூட அதை விலை கொடுத்து வாங்குகின்றன. அதில் எனக்குப் பொறாமை இல்லை. சோர்ந்து கிடப்பவனை எழுப்பி உட்கார வைக்கிற நூல் நல்ல நூல்தான். என் குறை வேறு. இந்த நூல்களில் துக்கத்துக்கு இடமே இல்லை. பயம், ஆத்திரம், அவமானம் எல்லாம் அவற்றில் வெறும் களைகள். பிடுங்கி எறிந்துவிட்டால் மறுநாளே வெற்றி விளைந்துவிடும்!

இந்தப் போதனையைப் போச்சம்பள்ளியில் வைத்துப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையும் சுற்றிலும் மாந்தோப்புமாக இருந்த ஊரில் இன்று சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. ஓலா நிறுவனத்தின் மின்சார ஸ்கூட்டர் ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள், முழு வீச்சில் ஓடும்போது 10,000 பேர் இருப்பார்கள் என்று 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள். இந்த வட்டாரத்து ஆலை எதற்கும் கிராமத்திலிருந்து முதல் தடவையாக ஷிப்டு வேலைக்கு வருகிற பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். சொந்தச் சம்பளம் என்கிற பெருமிதம் அவளுக்கு உண்டு. வீட்டு ஏக்கமும், வேலை நிலைக்குமா என்கிற பயமும் அதே நெஞ்சில் உண்டு. பெருமிதத்தை வைத்துக்கொள், பயத்தை விரட்டு என்கிறது நூல். பயம் போகாதபோது, தன் எண்ணத்தில்தான் கோளாறு என்று அவள் முடிவு கட்டுகிறாள். பயத்துக்கு நியாயமான காரணம் வெளியே இருக்கக்கூடும் என்பதை அவளுக்கு யாரும் சொல்வதில்லை. இருந்த பாரத்தோடு இன்னொரு பாரமும் ஏறுகிறது.

தமிழில் இந்த வகைக்கு முன்னோடியாக இருந்தவர் இப்படிச் செய்யவில்லை. ஜேம்ஸ் ஆலன் 1903-இல் ஆங்கிலத்தில் எழுதிய சிறு நூலை 1909-இல் ‘மனம்போல வாழ்வு’ என்று தமிழாக்கித் தந்தவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. அப்போது அவர் ராஜத்துரோகக் கைதி. செக்கிழுத்த மனிதர் மனம்போலத்தான் வாழ்வு என்று சொன்னால் அந்தச் சொல்லுக்குக் கனம் உண்டு. ஆனால் அவர் செய்யுளில் எழுதிய சுயசரிதையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சிறையில் சணல் இயந்திரத்தைச் சுற்றிக் கைத்தோல் உரிந்ததையும், கண்ணீர் பெருகியதையும் அவர் மறைக்கவில்லை. நம்பிக்கையை எழுதிய கையே கண்ணீரையும் எழுதியது. அதனால்தான் அந்த நம்பிக்கையை நாம் நம்புகிறோம்.

பிற்காலத்தில் அவர் தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் வகுத்த உரையைப் பதிப்பித்தார். மெய்ப்பாட்டியலில் தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறார்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. ஒவ்வொன்றும் நான்கு காரணங்களால் பிறக்கும். உவகைக்குச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பந்தியில் எட்டுப் பேருக்கும் ஒரே இலைதான். அழுகிறவனைப் பார்த்து எதனால் அழுகிறாய் என்று கேட்கிறது இந்த இலக்கணம். வறுமையால் அழுகிறவனிடம் எண்ணத்தை மாற்றிக்கொள் என்பது மருந்தாகுமா?

ஏட்டில் இருக்கிற இந்த ஞானம் ஊரிலும் இருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து ஆடுவார்கள், முடிவில் படுகளம். மண்ணால் செய்த பெரிய துரியோதனன் தரையில் கிடப்பான். பீமன் தொடையில் அடிப்பான். திரௌபதி கூந்தல் முடிப்பாள். ஜெயித்த கட்சியின் விழாதான் அது. ஆனாலும் செத்துக் கிடக்கிற எதிரிக்காக அங்கே ஒப்பாரி உண்டு. தீமிதியும் தர்மருக்குப் பட்டாபிஷேகமும் அதற்கு அப்புறம்தான். ஒப்பாரியைத் தாண்டிக் குதித்து மகுடத்துக்குப் போக வழியில்லை.

நம்பிக்கை வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் துக்கத்தின் முகத்தைப் பார்க்கத் துணியாத நம்பிக்கை, ஆளில்லாத வீட்டில் எரிகிற விளக்கு. நம் தன்னம்பிக்கை ஆசிரியர்கள் அடுத்த பதிப்பில் படுகளத்துக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கட்டும். போச்சம்பள்ளிப் பெண் அந்த நூலை நம்பிப் படிப்பாள்.