கல்லில் ஏறாத பெயர்கள்

போரில் மாண்டவர்களை நாடுகள் போற்றுவது பட்ட கடனைத் தீர்ப்பதற்காகவே என்றும், அப்போற்றுதலில் படைத்தலைவனும் கடைநிலை வீரனும் ஒன்றே என்றும் வாதிடுவோர், 1917இல் பிரிட்டன் நிறுவிய பேரரசுப் போர்க்கல்லறை ஆணையத்தையே (இன்றைய காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம்) சான்றாகக் காட்டுவது வழக்கம். 1918இல் பிரெடெரிக் கெனியன் அளித்த அறிக்கையை ஏற்று, பதவியும் செல்வமும் பாராமல் எல்லாருக்கும் ஒரே வடிவிலான கல்லை அவ்வாணையம் நட்டது உண்மை; வசதி படைத்தோர் மட்டும் தம் பிள்ளைகளின் உடலை ஊருக்குக் கொண்டுசெல்ல இடந்தராததும் உண்மை. தளபதிகளுக்கு மட்டுமே சிலை வைத்துப் பழகிய சமூகத்தில் இது சிறிய மாற்றமன்று.

ஆயினும் அச்சமத்துவம் ஐரோப்பாவைத் தாண்டியதும் நிறம் மாறிற்று. முதல் உலகப் போரின்போது மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், இறந்தோருக்காக 1929இல் பஸ்ராவில் எழுப்பப்பட்ட சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர் அனைவரின் பெயரும் இந்திய அதிகாரிகளின் பெயரும் பொறிக்கப்பட, 30,000க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் தத்தம் படைப்பிரிவின் பெயருக்குக் கீழே வெறும் எண்ணிக்கையாக நின்றனர். கிழக்கு ஆப்பிரிக்கப் போர்முனையில் உணவையும் வெடிமருந்தையும் தலைச்சுமையாகச் சுமந்து பல்லாயிரக்கணக்கில் மடிந்த சுமைகாரர்களுக்கு அந்த எண்ணிக்கைகூட வாய்க்கவில்லை. நைரோபியிலும் மொம்பாசாவிலும் நின்ற பொதுச் சிலைகளே அவர்களுக்குப் போதும் எனக் கருதப்பட்டது. பெயரின்றியோ, நினைவுகூரப்படாமலோ விடப்பட்டோர் குறைந்தது 1,16,000 பேர் என்றும், அத்தொகை 3,50,000 வரை இருக்கக்கூடும் என்றும் 2021இல் ஆணையத்தின் சொந்த அறிக்கையே ஒப்புக்கொண்டது.

ஆவணங்கள் கிடைக்கவில்லை என்பதும், எரியூட்டும் வழக்கமுடையோருக்குக் கல்லறை தேவையில்லை என்பதும் இதற்குச் சொல்லப்படும் சமாதானங்கள். உடலே கிடைக்காத 54,000க்கும் மேற்பட்டோரின் பெயர்களை பெல்ஜியத்தின் மெனின் வாயிலில் வெட்டுவித்த ஆணையத்துக்கு, பெயர் பொறிக்க உடல் வேண்டுவதில்லை என்பது தெரியாததன்று. அதைவிட வலிய மறுப்பு, பிரான்சில் 1927இல் திறக்கப்பட்ட நூவ் ஷப்பேல் நினைவுச்சின்னம்: அங்கே அதே இந்தியப் படையின் சிப்பாய்கள் பெயர்பெயராகப் பொறிக்கப்பட்டுள்ளனர். இரண்டு இடங்களிலும் இறந்தவர்கள் ஒரே தன்மையர்; வேறுபட்டது பார்ப்பவர் கண். ஐரோப்பியர் வந்து காணும் இடத்தில் பெயரும், காணாத இடத்தில் எண்ணும் என்றால், அச்சின்னம் மாண்டவனுக்காக நடப்பட்டதன்று. தன்னைப் பிறர் எவ்வாறு காணவேண்டும் என்று பேரரசு விரும்பியதோ அந்தத் தோற்றத்துக்காக நடப்பட்டது.

நடுகல், அதாவது ஊருக்காகப் போரிட்டு வீழ்ந்தவனுக்கு அவ்வூரார் நட்ட கல், இங்கே ஒப்புநோக்கத் தக்கது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் கல்லொன்று, வீழ்ந்த வீரனின் பெயரோடு, கள்வரைக் கடித்து அவனருகே நின்ற நாயின் பெயரையும் ‘கோவிவன்’ என்று பதித்துள்ளது. எழுதத் தெரிந்தவர் சிலரே இருந்த ஏழாம் நூற்றாண்டுக் கிராமத்துக்கு ஒரு நாயின் பெயர் பொருட்டாக இருந்தது. சம்பளப் பட்டியலில் ஒவ்வொரு சிப்பாயின் பெயரையும் எழுதிவைத்திருந்த பேரரசுக்கு அவன் பெயர் கல்வெட்டும் கூலிக்குத் தகுதியற்றதாயிற்று.

2021 ஏப்ரலில் ஆணையம் மன்னிப்புக் கேட்டது. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சரும் கேட்டார். அதுவும் லண்டன் நாடாளுமன்றத்தில்தான். அதைக் கேட்டிருக்க வேண்டிய தாய்மாரில் ஒருவரும் அப்போது உயிருடன் இல்லை.