முதுகுவலிக்கு இரத்தப் பரிசோதனை: எவ்வளவு நம்பலாம்?

நெற்றியில் கயிறு மாட்டி, முதுகில் கொழுந்துக் கூடையோடு நாள் முழுக்கச் சரிவில் நிற்பவருக்குக் கழுத்தும் இடுப்பும் ஏன் நோகின்றன என்று எந்த ஆய்வுகூடமும் சொல்லாது. தசை இழுப்பு, தட்டு விலகல், எலும்புத் தேய்மானம் ஆகியவை வழமையான இரத்தப் பரிசோதனையில் தெரிவதில்லை. முதுகுவலிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். புற்றுநோயோ கிருமித்தொற்றோ அழற்சி வாதமோ ஒளிந்திருக்கும் சிலரைப் பிரித்தெடுப்பதே ஆய்வுகூடத்தின் வேலை. மலையகத்துக் கம்பளையில் உள்ள நோயாளிக்கு அதை அது எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறது?

மலிவானதும் அதிகம் எழுதப்படுவதும் இ.எஸ்.ஆர். ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் குழாயில் எத்தனை மில்லிமீற்றர் படிகின்றன என்ற அளவு அது. 1988இல் அமெரிக்க மருத்துவர்கள் டேயோவும் டீலும் வெளியிட்ட ஆய்வில், முதுகுவலியோடு வந்த 1,975 பேரில் 13 பேருக்கே புற்றுநோய். இ.எஸ்.ஆர். 20ஐ எல்லையாக வைத்தால் புற்றுநோயாளிகளில் சுமார் 78 வீதத்தினர் அகப்படுவர். நோயில்லாதவர்களில் மூன்றிலொருவரும் சேர்ந்தே அகப்படுவர். கணக்குப் போட்டால் ஆயிரம் பேரில் ஐந்து நோயாளிகளைப் பிடிக்க முந்நூற்றுக்கு மேற்பட்டோர் வீணாகக் கலங்க வேண்டும். இரத்தசோகை ஒன்றே இ.எஸ்.ஆரை உயர்த்தப் போதும். சோகை பரவலாக உள்ள தோட்டத்துப் பெண்களிடம் இந்த எண்ணைத் தனியே வைத்துத் தீர்ப்புச் சொல்வது, என் பார்வையில், பொறுப்பற்ற செயல். ஹீமோகுளோபினையும் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யையும் அருகில் வைத்தே அதை வாசிக்க வேண்டும்.

அதே பரிசோதனை வேறொருவரிடம் பொன்னாகும். ஐம்பது கடந்தவர், காரணமின்றி மெலிகிறார், படுத்தாலும் வலி தணியவில்லை, இரவில் காய்ச்சல், அவருடைய இ.எஸ்.ஆர். 50ஐத் தாண்டினால் அதை ஒதுக்க முடியாது. ஆனால் கிருமியின் பெயரை அது சொல்லாது. முள்ளந்தண்டுக் காசநோயா, இலங்கை மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமி தரும் மெலியோய்டோசிஸா என்பது எம்.ஆர்.ஐ. படத்தில்கூடக் குழம்பும். நீரிழிவுக்காரரிடம் இரண்டாவதை மறக்கவே கூடாது. அன்டிபயோட்டிக் தொடங்குமுன் எடுத்த இரத்தக் கல்ச்சரும், ஊசியால் எடுத்த திசுவில் காசநோய்க் கிருமியைத் தேடும் ஜீன்எக்ஸ்பேர்ட்டும்தான் இங்கே வழக்கைத் தீர்க்கும். பரிசோதனைத் துண்டில் கடைசியாக எழுதப்படும் இவைதான், தேவையான இடத்தில், மற்ற எல்லாவற்றையும்விடப் பெறுமதியானவை.

எச்.எல்.ஏ.-பி27 என்ற மரபுக்கூற்றைத் தேடும் பரிசோதனை விலையுயர்ந்தது. ஐரோப்பியரில் சுமார் 8 வீதத்தினரிடம் அந்தக் கூறு உண்டு. அவர்களில் பெரும்பாலோருக்கு முதுகெலும்பு வாதம் வருவதேயில்லை. நாற்பத்தைந்துக்குள், மூன்று மாதத்துக்கு மேல் வலி, காலையில் விறைப்பு, வேலை செய்தால் இலகு என்பவருக்கு மட்டும் அந்தச் செலவு தகும்.

இடுப்பு வலிக்கு ருமட்டாய்டு ஃபாக்டரும் யூரிக் அமிலமும் ஏனென்று எனக்கு விளங்கவில்லை. ருமட்டாய்டு வாதம் கழுத்தின் மேல் மூட்டைத் தாக்கும். இடுப்பை அரிதாகவே தொடும். இந்த இரண்டையும் வழமைத் துண்டிலிருந்து எடுத்துவிடலாம். அபாய அறிகுறி எதுவுமில்லாதவருக்கு முதல் சில வாரங்களில் இரத்தமே எடுக்க வேண்டியதில்லை. கால்கள் பலமிழந்து சிறுநீர் அடைத்து வருபவரையோ எந்த அறிக்கைக்காகவும் கம்பளையில் காக்க வைக்கக் கூடாது. அன்றைக்கே கண்டி தேசிய வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும்.