வென்று கெட்டவன்

சூதாட்டத்தைப் பொருளாகக் கொண்ட பழைய குற்றப் படங்கள் இன்றும் நம்மை ஈர்ப்பது எதனால்? பிரெஞ்சு நெறியாளர் மெல்வில் 1956இல் அளித்த ‘பொப் லு பிளாம்பேர்’ என்னும் படம் இதற்கு விடை தருகின்றது.

டோவில் நகரச் சூதாட்ட மாளிகையைக் கொள்ளையிடத் திட்டமிட்ட முதிய சூதாடி பொப், குறித்த வேளைக்கு முன்னரே உள்ளே சென்று ஆட அமர்கின்றான். வெற்றிமேல் வெற்றி குவிகின்றது, வேளையை மறக்கின்றான். வெளியே, அவன் மகன்போற் பேணிய இளைஞன் பொலிசாரின் குண்டுக்கு இரையாகின்றான்.

நளனும் தருமனும் தோற்றுக் கெட்டனர். இவனோ வென்று கெட்டான். சூதின் வெற்றியையே தூண்டிலாகக் கண்ட வள்ளுவர் கருத்துக்கு இதனினும் சிறந்த விளக்கம் அரிது. ஆயினும் நெறியாளர் அறம் உரைத்திலர். விலங்கிடப்பட்டவனும் வென்ற பணமும் ஒரே வண்டியில் ஏற, நாம் இரங்குவதா நகைப்பதா என்று திகைக்கின்றோம். அத்திகைப்பே இத்தகைய படங்களின் ஈர்ப்பு.