அங்கதமும் சுவைஞரும்: ‘த போய்ஸ்’ தொடர் பெற்ற இருவேறு தீர்ப்புகள்

கலைப்படைப்பொன்றின் தகுதியைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உரியது என்னும் வினா திறனாய்வுலகில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருவதொன்றாகும். பயிற்சி பெற்ற விமர்சகர் கூறுவதே முடிந்த முடிபு என்பர் ஒரு சாரார். படைப்பினை நுகரும் பொதுமக்களின் விருப்பே உரைகல் என்பர் மறுசாரார். இவ்விரு நிலைப்பாடுகளும் இன்று எண்களாக உருமாற்றம் பெற்றுள்ளன. அமெரிக்காவில் 1998 இல் தொடங்கப்பெற்ற ‘றொட்டன் ரொமாட்டோஸ்’ என்னும் இணையத்தளம், திரைப்படங்களுக்கும் தொடர்களுக்கும் விமர்சகர் விழுக்காடு ஒன்றினையும் பார்வையாளர் விழுக்காடு ஒன்றினையும் அருகருகே தருகின்றது. இரண்டும் ஒத்துச் செல்லும்போது எவரும் எதுவும் கேட்பதில்லை. இரண்டும் பெரிதும் முரண்படும்போதுதான் ‘விமர்சகர் மக்களை அறியார்’ என்றும் ‘மக்கள் கலையை அறியார்’ என்றும் இருபுறமும் குரல்கள் எழுகின்றன.

2024 ஆம் ஆண்டு யூன், யூலை மாதங்களில் அமேசன் நிறுவனத்தின் இணையவழி ஒளிபரப்புச் சேவையில் வெளியான ‘த போய்ஸ்’ தொடரின் நான்காம் பருவம் இத்தகைய முரண்பாட்டுக்குத் தக்க சான்றாகும். விமர்சகருள் பத்தில் ஒன்பதின்மர் அதனை வரவேற்க, அத்தளத்தில் மதிப்பிட்ட பார்வையாளருள் ஏறத்தாழப் பாதிப்பேரே அதனை ஏற்றனர். முந்திய மூன்று பருவங்களில் இவ்வளவு பெரிய பிளவு காணப்படவில்லை. இப்பிளவின் பொருள் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1938 இல் சுப்பர்மான் என்னும் பாத்திரம் தோன்றிய காலந்தொட்டு அதிமானுட வீரர் கதைகள் பெரும்பாலும் ஓர் எடுகோளின்மீதே நின்று வந்துள்ளன. பேராற்றல் படைத்த வீரன் இயல்பிலேயே நல்லவன், ஆதலால் அவனிடம் அதிகாரத்தை நம்பி ஒப்படைக்கலாம் என்பதே அவ்வெடுகோள். கார்த் எனிஸ் எழுத, டரிக் ரொபேட்சன் வரைந்து, 2006 தொடக்கம் 2012 வரை வெளிவந்த ‘த போய்ஸ்’ சித்திரக்கதை இவ்வெடுகோளைத் தலைகீழாக்கியது. அதனைத் தழுவி எரிக் கிரிப்கி உருவாக்கிய தொடர் 2019 யூலை 26 ஆம் திகதி வெளியாயிற்று. இதில் வரும் வீரர்கள் ‘வோட்’ என்னும் பெருநிறுவனத்தின் ஊழியர்கள். அவர்களுடைய ஆற்றல் தெய்வம் தந்த வரமென மக்களுக்குக் கூறப்படுகின்றது. உண்மையிலோ குழந்தைப் பருவத்தில் நிறுவனம் செலுத்திய மருந்தே அதன் ஊற்று. அவ்வீரர்களுள் தலையாயவன் ஹோம்லாண்டர். தேசியக் கொடியைப் போர்வையாக அணிந்த இவன், முதற்பருவத்திலேயே, தன்னால் காக்க இயலாதுபோன விமானமொன்றின் பயணிகளைச் சாகவிட்டுப் பறந்துசெல்கிறான். பின்னர் அவ்விபத்தையே தனது அரசியல் முதலாகவும் ஆக்கிக்கொள்கிறான். வீர வழிபாடும் மூலதனமும் விளம்பரமும் ஒன்றையொன்று தழுவி நிற்கும் முறையினை இத்தொடர் எள்ளி நகையாடுகின்றது. இரண்டாம் பருவம் 2021 ஆம் ஆண்டின் எம்மி விருதுக்குச் சிறந்த நாடகத்தொடர் வரிசையில் முன்மொழியப்பட்டமை அது பெற்ற மதிப்பினைக் காட்டும்.

முரண்பாட்டை விளக்குமுன் அவ்வெண்களின் இயல்பினை அறிதல் அவசியமாகும். விமர்சகர் விழுக்காடு என்பது படைப்புக்கு வழங்கப்பட்ட புள்ளியன்று. சாதகமாக எழுதியோரின் தொகை வீதம் மாத்திரமே. ‘குறைகள் உண்டாயினும் பார்க்கலாம்’ என்ற விமர்சனமும் ‘ஈடிணையற்றது’ என்ற விமர்சனமும் அங்கு ஒன்றாகவே எண்ணப்படும். பார்வையாளர் எண்ணிக்கையின் நிலையும் ஐயத்துக்குரியது. 2019 இன் முற்பகுதியில் ‘கப்டன் மாவல்’ திரைப்படம் வெளிவருமுன்னரே அதற்கெதிரான பதிவுகள் குவிந்த சூழலில், படத்தைக் காணுமுன் கருத்துரைக்க இடமளித்த தனது முறையினை றொட்டன் ரொமாட்டோஸ் மாற்றிக்கொள்ள நேர்ந்தது. ‘த போய்ஸ்’ தொடரின் வரலாற்றிலேயே இன்னோர் உதாரணம் உண்டு. 2020 செப்ரெம்பரில் இரண்டாம் பருவத்தின் முதல் மூன்று அங்கங்கள் ஒருங்கே வெளியாகி, எஞ்சியவை வாரம் ஒன்றாக வந்தன. முழுப்பருவத்தையும் ஒரே நாளில் பெறப் பழகிய பலர் இதனாற் சினமுற்று அமேசன் தளத்தில் ஒரு நட்சத்திரமே வழங்கினர். அவர்தம் சினம் நியாயமானதா என்பது வேறு வினா. ஆனால் அந்த நட்சத்திரம் நாடகத்தைப் பற்றி எதனையும் கூறவில்லை. விற்பனை முறையைப் பற்றியே கூறியது. எனவே எண் ஒன்று எதனை எண்ணுகிறது என்று வினவாது அதனை மக்கள் தீர்ப்பெனக் கொள்வது பொருந்தாது.

இந்நோக்கில் 2024 இன் பார்வையாளர் கருத்துகளைப் பிரித்து நோக்குவோமாயின், அங்கு ஒரு குரலன்றி மூன்று குரல்கள் ஒலிப்பதைக் காணலாம். முதலாவது, அரசியற் சினம். ஹோம்லாண்டர் டொனால்ட் ட்ரம்பினை ஒத்த பாத்திரமே எனக் கிரிப்கி 2022 இல் வெளிப்படையாகக் கூறியிருந்தார். நான்காம் பருவம் அவ்வொப்புமையை மேலும் வெளிப்படையாக்கியது. தம்மை இத்தொடர் இழிவுபடுத்துவதாகக் கருதியோர் அதனை நிராகரித்தனர். இரண்டாவது, கலைநோக்கிலான குறை. கதை நகரவில்லை, அதிர்ச்சியூட்டும் காட்சிகள் மீண்டும் மீண்டும் வருகின்றன, ஹோம்லாண்டருக்கும் புட்சருக்கும் இடையிலான இறுதி மோதல் பருவந்தோறும் ஒத்திப்போடப்படுகின்றது என்பன இவ்வகையின. மூன்றாவது குரல் நுட்பமானது. தொடரின் அரசியலுக்கு உடன்பட்டோரே ‘முன்பு குறிப்பாற் சொன்னதை இப்போது பிரகடனமாகச் சொல்கிறது’ என்று வருந்திய குரல் அது. இம்மூன்றையும் ஒரே விழுக்காட்டில் அடக்கிவிட்டு அதனை ‘வெறுப்பாளரின் சதி’ என்று தள்ளுவோர், முதற்குரலைச் சுட்டி ஏனைய இரண்டினையும் மறைப்பவராவர்.

மூன்றாவது குரலை விளங்கிக்கொள்ள நமது மரபிலக்கணம் ஓர் ஒளியைத் தருகின்றது. தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இருவகைப்படுத்தும். வசையை வெளிப்படையாகக் கூறுவது முன்னையது. மறைத்துக் கூறுவது பின்னையது. செய்யுளுக்கு வகுக்கப்பட்ட இப்பாகுபாட்டினைத் திரைநாடகத்துக்கு விரித்துக் கொள்வதில் தவறில்லை. ‘த போய்ஸ்’ தொடரின் முதற்பருவம் பெரிதும் பழிகரப்பாக இயங்கியது. நிறுவனத்தின் விளம்பரப் படங்கள், சமய விழாக்கள், பொய்க் கண்ணீர்ப் பேட்டிகள் என்பவற்றை உள்ளவாறே காட்டுவதுபோற் காட்டி, பழியைப் பார்வையாளனே உய்த்துணரும்படி விட்டது. நான்காம் பருவமோ செம்பொருளை நோக்கி நகர்ந்துவிட்டது. பழிகரப்பிலே ஓர் இலாபமும் ஓர் ஆபத்தும் உண்டு. தானே கண்டறிந்த உண்மை ஆழப் பதியும் என்பது இலாபம். கண்டறியாதவன் பழியைப் புகழாகவே கொண்டுவிடுவான் என்பது ஆபத்து.

இவ்வாபத்து கற்பனையன்று. 1971 தொடக்கம் 1979 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பாகிய ‘ஓல் இன் த ஃபமிலி’ என்னும் நகைச்சுவைத் தொடர், ஆர்ச்சி பங்கர் என்னும் இனவெறி கொண்ட குடும்பத் தலைவனை நகைப்புக்கிடமாக்க எண்ணியது. நீல் விட்மார், மில்ரன் ரொக்கீச் ஆகிய உளவியலாளர் இருவர் 1974 இல் வெளியிட்ட ஆய்வு, அத்தொடரை முற்சாய்வு மிகுந்தோரும் குறைந்தோரும் ஒருங்கே இரசித்தனர் என்பதையும், ஆயின் முற்சாய்வு மிகுந்தோர் ஆர்ச்சியையே மெச்சி, முடிவில் வெல்பவன் அவனே எனக் காண முற்பட்டனர் என்பதையும் எடுத்துக்காட்டியது. ஏறத்தாழ அதே காலப்பகுதியில், 1973 இல், ஸ்ருவேட் ஹோல் தமது ஆய்வுரையில், ஆக்குவோர் பொதிந்த பொருளைப் பார்ப்போர் அவ்வாறே பிரித்தெடுப்பர் என்பதற்கு உறுதியில்லை என நிறுவினார். ஹோம்லாண்டரை நாயகனாகக் கொண்டாடிய பார்வையாளர் இவ்வரிசையில் வருபவரே.

ஆயினும் பழி முழுவதையும் பார்வையாளர்மீது சுமத்துதல் எளிதான வழியேயன்றிச் சரியான வழியன்று. படைப்பின் அமைப்பே அவர்களை அவ்வழியிற் செலுத்தியதா என்றும் கேட்டல் வேண்டும். ஹோம்லாண்டர் தாய்தந்தையரின்றி ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்டவன் என்பதையும், அன்புக்கு ஏங்குபவன் என்பதையும் தொடர் மீண்டும் மீண்டும் காட்டுகின்றது. அன்ரனி ஸ்ராரின் நடிப்பு அவ்வேக்கத்துக்கு உயிரூட்டுகின்றது. கமராவும் அவனது முகத்தையே நீங்காது தொடர்கின்றது. பாத்திரத்தோடு ஒன்றிப்போகும் பார்வையாளனின் தீர்ப்புணர்வு மழுங்கும் என்று பேர்டோல்ட் பிரெக்ட் அஞ்சியது இத்தகைய நிலையையே. வில்லனுக்கு அகவாழ்வையும் ஆற்றலையும் ஈந்துவிட்டு, அவனை எதிர்ப்போருக்குக் குழப்பத்தையும் தோல்வியையும் பருவந்தோறும் வழங்கும் நாடகமொன்று, பின்னர் ‘ஏன் அவனை விரும்பினீர்’ எனச் சுவைஞரைக் கடிதல் முறையாகுமா?

தொடர் இவ்வுண்மையை அறியாததன்று. 2022 இல் வெளியான மூன்றாம் பருவத்தின் இரண்டாம் அங்கத்தில் ஹோம்லாண்டர் நேரடி ஒளிபரப்பொன்றில் தன் அகந்தையை மறைக்காது கொட்டித் தீர்க்கிறான். நிறுவனம் அஞ்சியதற்கு மாறாக அவனது செல்வாக்குப் புள்ளிகள் உயர்கின்றன. அப்பருவத்தின் இறுதியில், தன் மகன்மீது பொருளொன்றை எறிந்தவனைப் பலர்முன் கொல்கிறான். கணநேர மௌனத்தின்பின் கூட்டம் ஆரவாரிக்கின்றது. தொடர் எட்டிய உச்சம் இக்காட்சியே எனலாம். இங்கு எவரும் விளக்கவுரை நிகழ்த்துவதில்லை. கொடுமையைக் காட்டிலும் அதற்கு எழும் கைதட்டலே அச்சந்தருவது என்பது சொல்லாமலே சொல்லப்படுகின்றது. நான்காம் பருவம் இவ்விடத்திலிருந்து முன்னேறியிருத்தல் வேண்டும். அக்கைதட்டலின் சமூகக் காரணங்களை, அக்கூட்டத்தில் நிற்கும் சாதாரண மனிதனின் வாழ்வை, அது ஆராய்ந்திருக்கலாம். மாறாக, அது அன்றாடச் செய்திகளின் சாயலைப் பாத்திரங்களுக்கு ஏற்றுவதோடு பெரிதும் அமைந்துவிட்டது. 2024 யூலை 13 ஆம் திகதி ட்ரம்ப் மீது மேற்கொள்ளப்பட்ட கொலைமுயற்சியை அடுத்து, இறுதி அங்கத்தின் தலைப்பையே மாற்ற வேண்டியேற்பட்டமை, நாடகம் நடைமுறைச் செய்திக்கு எவ்வளவு அண்மித்து நின்றது என்பதைப் புலப்படுத்தும்.

விமர்சகர் தவறிய இடமும் இதுவே. அவர்களுட் பலர் தொடரின் துணிவையும் நோக்கத்தையும் பாராட்டினர். நோக்கம் பாராட்டுக்குரியதே. ஆனால் நோக்கத்தைப் போற்றுதல் ஆக்கத்தை மதிப்பிடுதலுக்கு ஈடாகாது. முற்போக்கான கருத்தைக் கூறுகின்றது என்ற ஒரே காரணத்தால் படைப்பொன்றின் அமைப்புக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளும் விமர்சனம், அக்கருத்துக்கே தீங்கு செய்கின்றது. பெருநிறுவன ஆதிக்கத்தைச் சாடும் தொடரொன்றை உலகின் பெருநிறுவனங்களுள் ஒன்றே தயாரித்து விற்கின்றது என்னும் முரணையும் ஒரு வேடிக்கையாகக் குறிப்பிட்டுச் செல்வது போதாது. சாடலையும் சரக்காக்கும் வல்லமை சந்தைக்கு உண்டு என்பதே அதன் பொருள். வோட் நிறுவனம் தன் வீரரைச் செல்வாக்குப் புள்ளிகளால் அளக்கின்றது. அதனை எள்ளும் தொடரை நாமும் விழுக்காடுகளாலேயே அளக்கின்றோம்!

ஆகவே, 2024 இன் முரண்பாட்டில் விமர்சகர் வென்றனரா, பார்வையாளர் வென்றனரா என்னும் வினா பொருளற்றது. எண்ணிக்கை விமர்சனமாகாது, அதே வேளை எண்ணிக்கைக்குப் பின்னுள்ள மனிதரின் அனுபவம் புறக்கணிக்கத்தக்கதுமன்று. தம்மோடு ஏற்கெனவே உடன்பட்டோரை மாத்திரம் மகிழ்விக்கும் அங்கதம் தன் பணியிற் பாதியையே செய்கின்றது. உடன்படாதோரைத் தயங்கவைப்பதே மறுபாதி. அவ்வாறே, தவறாகப் புரிந்துகொண்டோரை அறிவிலிகள் எனக் கைவிடும் விமர்சனமும் தன் கடமையைக் கைவிட்டதாகும். கோபத்தை வேறாகவும், சலிப்பை வேறாகவும், உண்மையான கலைக் குறைபாட்டை வேறாகவும் பிரித்தறிந்து, ஒவ்வொன்றுக்கும் படைப்பினுள்ளே உள்ள காரணத்தையும் சமூகத்திலே உள்ள காரணத்தையும் எடுத்துரைப்பதே திறனாய்வாளனின் தொழில். அதனைச் செய்யவல்ல விழுக்காடு எதுவும் இல்லை.