ஹிப் ஹாப்: கருவியின் எடை

செல்போனிலேயே இசை செய்யும் சாதனங்கள் வந்த பிறகு ஹிப் ஹாப் பற்றி இரண்டு விதமான பேச்சுக் கேட்கிறது. ஒன்று விற்பவர்களுடையது: ஸ்டுடியோவுக்குப் பணமில்லாதவனும் இனிக் கலைஞன் ஆகலாம், கதவு திறந்துவிட்டது என்கிறார்கள். மற்றது பழைய ரஸிகர்களுடையது: கண்ணாடியைத் தடவி இசை செய்கிறவனுக்குக் கை ஏது, காது ஏது, எல்லாம் போயிற்று என்கிறார்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை. கருவி சுலபமானால் கலையும் சுலபமாகிவிடும் என்று இரு தரப்பும் எண்ணுகின்றன. ஒரு தரப்பு கொண்டாடுகிறது, இன்னொன்று புலம்புகிறது. ஹிப் ஹாப்பின் ஐம்பது வருஷங்களைச் சற்று நிதானமாகப் பார்த்தால் இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் கிடைக்காது. மாறியிருப்பது வேறொன்று.

எடுத்துச் செல்லக்கூடிய கருவி என்பதே ஹிப் ஹாப்புக்குப் புதிதல்ல. இந்தக் கலையின் பிறப்பாகச் சொல்லப்படுவது 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், 1520 செட்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில், தங்கைக்காகக் கூல் ஹெர்க் இசைத்தட்டு போட்ட விருந்து. ஹெர்க் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து 1967ல் பிராங்ஸுக்கு வந்தவர். பெரும் ஒலிபெருக்கிகளை இடம்விட்டு இடம் தூக்கிச் சென்று தெருவையே ஆடவைக்கும் ‘சவுண்ட் சிஸ்டம்’ வழக்கம் ஜமைக்காவுடையது. அவருடைய கண்டுபிடிப்பு ஒரு கவனிப்பிலிருந்து வந்தது. பாட்டில் குரலும் மற்ற வாத்தியங்களும் ஒதுங்கித் தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் அந்தச் சில விநாடிகளுக்காகவே ஆடுகிறவர்கள் காத்திருக்கிறார்கள் என்று அவர் கண்டார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிள்களில் வைத்து, ஒன்றில் அந்த இடம் முடியும்போது மற்றதில் அதையே தொடங்கி, விநாடிகளை நிமிஷங்களாக நீட்டினார்.

இங்கே கவனிக்கவேண்டியது இரண்டு. முதலாவது, ஹிப் ஹாப்பின் அடிப்படை வடிவமே எதிரில் நின்ற கூட்டத்திடமிருந்து வந்தது. எது நீளவேண்டும் என்று தீர்மானித்தவை ஆடியவர்களின் கால்கள். இரண்டாவது, அந்தக் கருவி எடுத்துச் செல்லக்கூடியதுதான், ஆனால் ஒருவன் தனியாக எடுத்துச் செல்லக்கூடியதல்ல. டர்ன்டேபிள்கள், ஆம்ப்ளிஃபயர், ஆளுயரப் பெட்டிகள், கூடை கூடையாக இசைத்தட்டுகள். பூங்காவில் நடத்தினால் தெருவிளக்குக் கம்பத்திலிருந்து மின்சாரம் எடுக்க ஒருவன், சாமான்களைக் காக்க ஒருவன். குழு என்பது இந்தக் கலையில் ஒரு லட்சியமாகத் தோன்றுவதற்கு முன்னால் சுமைகூலிப் பிரச்சினையாகத் தோன்றியது. எடை இருந்தது, அதனால் ஆட்கள் இருந்தார்கள்.

பிறகு எடை குறைந்துகொண்டே வந்தது. 1987ல் வந்த ஈமு நிறுவனத்தின் எஸ்.பி. 1200 என்ற சாம்ப்ளர் ஒரு மேஜைமேல் அடங்கிவிடும். அதன் ஞாபகசக்தி மொத்தம் சுமார் பத்து விநாடி. அதற்குள்தான் ஒரு பாட்டுக்கு வேண்டிய தாளம், அடிநாதம், ஊதுவாத்தியத் துணுக்கு எல்லாவற்றையும் அடைக்கவேண்டும். நிமிஷத்துக்கு 33 சுற்றில் ஓடவேண்டிய தட்டை 45ல் ஓடவிட்டுப் பதிவு செய்து, இயந்திரத்துக்குள் மறுபடி தாழ்த்தி, இடத்தை மிச்சம் பிடித்தார்கள். அப்படித் தாழ்த்தும்போது ஒலி சற்று மணல் கலந்தது போலச் சொரசொரத்தது. சிக்கனத்தின் விளைவான அந்தச் சொரசொரப்பு ஒரு தலைமுறையின் ரஸனையாகிவிட்டது. பீட் ராக் 1992ல் இந்த இயந்திரத்தில் செய்த ‘தே ரெமினிஸ் ஓவர் யூ’ இறந்துபோன ஒரு நடனக்கார நண்பனுக்கான இரங்கல். டாம் ஸ்காட்டின் 1967ம் வருஷத்துத் தட்டிலிருந்து எடுத்த ஒரு ஸாக்ஸஃபோன் துணுக்கு அதில் திரும்பத் திரும்ப வருகிறது. துக்கத்தில் மனசு ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும் இயல்பை இயந்திரத்தின் இயலாமையே வடிவமாக்கித் தந்தது. பத்து விநாடி என்பது அவர்களுக்கு ஒரு யாப்பு. யாப்பு கவிதையைத் தருவதில்லை. ஆனால் எதை விடுவது என்ற கேள்வியை ஒவ்வொரு சீரிலும் கேட்கிறது.

அகாய் நிறுவனத்தின் எம்.பி.சி. 60, ரோஜர் லின் வடிவமைப்பில், 1988ல் வந்தது. நான்குக்கு நான்காகப் பதினாறு ரப்பர்ச் சதுரங்கள். விரலால் தட்டினால் ஒலிக்கும். தட்டியது தாளத்தைச் சற்று முந்தினாலும் பிந்தினாலும் இயந்திரமே அருகிலுள்ள சரியான இடத்துக்கு அதை நகர்த்தி நேராக்கிவிடும். இந்த வசதியை டெட்ராயிட்டின் ஜே டில்லா பல இடங்களில் ஒதுக்கினார். அவருடைய தாளத்தில் ஒரு அடி சோம்பலாகப் பின்தங்கும், இன்னொன்று அவசரமாக முந்தும், இரண்டும் சேர்ந்து நடப்பது குடித்தவன் நடப்பது போலிருக்கும், ஆனால் விழாது. 2006 பிப்ரவரியில், 32வது பிறந்தநாள் கழிந்த மூன்றாம் நாள் அவர் இறந்தார். அவருடைய எம்.பி.சி. இன்று வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் அருங்காட்சியகத்தில் வைக்கமுடியாதது அந்த மறுப்பு. இயந்திரம் தானாகச் செய்து தருவதை வேண்டாம் என்று சொல்வதில்தான் அந்தக் கலைஞனின் கையெழுத்து இருந்தது.

செல்போன் இந்த வரிசையில்தான் வருகிறது. ஆப்பிளின் கராஜ்பேண்ட் 2004ல் கம்ப்யூட்டருக்கு வந்து, 2011 மார்ச்சில் ஐபேடுக்கும், அதே வருஷக் கடைசியில் ஐபோனுக்கும் வந்தது. 2012ல் அகாய் நிறுவனமே தன் பதினாறு சதுரங்களை ஐபேடின் கண்ணாடியில் படமாக வரைந்து விற்றது. கருவி போய்க் கருவியின் படம் வந்தது என்று பழைய ரஸிகர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. ரப்பர் விரலை எதிர்த்தது, கண்ணாடி எதிர்ப்பதில்லை. ஆனால் இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று செல்போனுக்கு வெகு முன்பே நீதிமன்றத்தில் நடந்துவிட்டது. அதைப் பேசாமல் செல்போனைக் குற்றம் சொல்வது நியாயமல்ல.

1991ல் நியூயார்க்கில், பிஸ் மார்க்கி என்ற ராப் கலைஞர் கில்பர்ட் ஓ’ஸல்லிவனின் பாட்டிலிருந்து அனுமதியின்றி எடுத்தது திருட்டு என்று தீர்ப்பாயிற்று. 2005ல் இன்னொரு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், இசைப்பதிவிலிருந்து எவ்வளவு சிறிய துணுக்கை எடுத்தாலும் உரிமம் வேண்டும் என்ற அளவுக்குப் போயிற்று. டஜன் கணக்கான தட்டுகளிலிருந்து துணுக்குகள் எடுத்துப் பின்னிய டி லா ஸோல் குழுவின் 1989ம் வருஷத்து முதல் ஆல்பம், உரிமைச் சிக்கல்களால், 2023 மார்ச் வரை இணையத்தில் முறையாகக் கேட்கக் கிடைக்கவில்லை. ஒரு தலைமுறை முழுவதும் அதைக் கேட்காமலே இசை செய்யக் கற்றுக்கொண்டது.

கடன் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். கடன் வாங்கியவனுக்கு யாரிடம் வாங்கினோம் என்பது மறக்காது. பழைய சாம்ப்ளர்க்காரன் அப்பா வைத்திருந்த தட்டிலிருந்து, பழைய சாமான் கடையில் தூசி தட்டி எடுத்த தட்டிலிருந்து, ஒரு துணுக்கை வாங்கினான். திருப்பிக் கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம். யாரிடம் வாங்கினான் என்பது அவன் இசையிலேயே கேட்டது. மரபு உழைத்துப் பெறவேண்டியது என்று 1919ல் எலியட் வாதித்ததை, அந்தக் கட்டுரையை ஒருபோதும் பார்த்திராத பிராங்ஸ் பையன்கள் தட்டுக் கூடைகளின் முன் குந்தி உட்கார்ந்து செய்துகாட்டினார்கள்.

கராஜ்பேண்ட் தரும் லூப் அப்படியல்ல. யாரோ சம்பளத்துக்கு வாசித்துப் பதிந்து, பெயர் நீக்கி, எண் போட்டு அடுக்கியது. ரிஹானாவும் ஜே ஸீயும் 2007ல் தந்த ‘அம்ப்ரெல்லா’வின் டிரம் தாளம் கராஜ்பேண்டோடு எல்லோருக்கும் வந்த ஒரு லூப்தான். ‘விண்டேஜ் ஃபங்க் கிட் 03’ என்பது அதன் பெயர். பெயரே எவ்வளவு சொல்கிறது பாருங்கள். ‘விண்டேஜ்’ என்கிறது, எந்த வருஷம் என்று சொல்லவில்லை. ‘ஃபங்க்’ என்கிறது, எந்த ஊர், யார் கை என்று சொல்லவில்லை. பழமையின் வாசனை மட்டும் உண்டு, மூதாதை கிடையாது. சட்டம் ஞாபகத்தை விலையேற்றியது, கம்பெனி ஞாபகமில்லாத சரக்கை இலவசமாகக் கொடுத்தது. செல்போன் அந்தச் சரக்கை எல்லோருடைய சட்டைப் பையிலும் வைத்தது. அவ்வளவுதான் அதன் பங்கு. நோயை அது உண்டாக்கவில்லை, பரப்பியது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஆனால் இதோடு தீர்ப்பை எழுதிவிடமுடியாது. ஸ்டீவ் லேஸி என்ற இளைஞர், லாஸ் ஏஞ்சலீஸை ஒட்டிய காம்ப்டனைச் சேர்ந்தவர், பள்ளிப் பருவத்திலிருந்தே ஐபோனில் கராஜ்பேண்டை வைத்து இசை செய்தவர். ஒரு சிறு இணைப்பான் வழியாகக் கிதாரைச் செல்போனில் மாட்டுவார். தாளத்தை விரலால் தட்டுவார். குரலைச் செல்போனின் மைக்கிலேயே பாடிவிடுவார். 2017ல் வந்த கென்ட்ரிக் லமாரின் ‘டேம்’ ஆல்பத்தில் ‘பிரைட்’ என்ற பாட்டுக்கு அவர் செய்த இசை அப்படிச் செல்போனில் பிறந்ததுதான். கிதார் அவசரமின்றி ஒரே வட்டத்தில் நடக்கிறது. அதன்மேல் லமாரின் குரல் உயர்த்தியும் தாழ்த்தியும், வெவ்வேறு ஆட்கள் பேசுவது போல அடுக்கப்பட்டிருக்கிறது. கர்வத்தைப் பற்றிய பாட்டில் பேசுகிறவன் ஒரே ஆளாக நிற்கமுடியாமல் சிதறுகிறான். அடுத்த பாட்டின் பெயர் ‘ஹம்பிள்’, பணிவு. அதில் குரல் இறுகி, உத்தரவு போடுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால்தான் முன்னதன் தளர்ச்சி எவ்வளவு வேண்டித் தேர்ந்தது என்று தெரியும். இந்த ஆல்பத்துக்கு 2018ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. சாஸ்திரீய இசைக்கும் ஜாஸுக்கும் வெளியே அந்த இசைப் பரிசு போனது அதுவே முதல் தடவை. பரிசு எதையும் நிரூபிப்பதில்லை. ஆனால் செல்போனில் செய்தது என்பதால் ஒன்று கனமற்றதாக இருக்கவேண்டியதில்லை என்பதைப் பாட்டே நிரூபிக்கிறது.

லேஸி செய்தது என்ன? அந்தச் சிறு பெட்டியில் ஆயிரம் லூப் இருக்கையில், தன் கிதாரை உள்ளே கொண்டுவந்தார். டில்லா நேராக்கலை மறுத்தது போல, இவர் அலமாரியை மறுத்தார். நிர்ப்பந்தம் முன்பு இயந்திரத்தில் இருந்தது, இப்போது கலைஞன் தானே தனக்கு விதித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இது பழையதைவிடக் கடினமான யாப்பு, ஏனெனில் மீறினால் தடுக்க யாருமில்லை. பத்து விநாடி முடிந்ததும் எஸ்.பி. 1200 நின்றுவிடும். செல்போன் நிற்காது.

மும்பையின் குர்லா பகுதியிலிருந்து நேஸி என்ற இளைஞர் 2014ல் வெளியிட்ட ‘ஆஃபத்’ இதற்கு மறுபக்கம். குரலைப் பதிந்ததும் ஐபேடில், படம் எடுத்ததும் ஐபேடில். தாளம் இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டது. அதாவது இசையில் அவருடையது என்று அதிகமில்லை. ஆனால் அதன்மேல் ஓடும் பேச்சு குர்லாச் சந்தின் பேச்சு. சினிமா ஹிந்தி மழுங்கடித்துவிட்ட முனைகள் அதில் அப்படியே இருக்கின்றன. கருவியிலிருந்து கழன்ற எடை இங்கே மொழியில் ஏறியிருக்கிறது. தாராவியில் ஹிந்தி, மராத்தியோடு தமிழிலும் ராப் செய்யும் டோப்அடெலிக்ஸ் குழுவினரிடமும் கேட்கவேண்டியது இதுதான். 2018ல் ‘காலா’ படத்தின் வழியாக அவர்கள் தமிழ்நாட்டுக்குத் தெரியவந்தார்கள். நாம் வழக்கம்போல ரஜினியைப் பார்த்துவிட்டு வந்தோம். தாராவியில் தலைமுறைகளாகப் புழங்கி, ஹிந்தியோடும் மராத்தியோடும் உரசி வளர்ந்த ஒரு தமிழ் முதல் தடவையாகத் தாளத்தில் நிற்கிறதே என்று யாரும் கவனித்து எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் இழப்பே இல்லையா? இருக்கிறது. அது கையில் இல்லை, காதிலும் இல்லை, கூட்டத்தில் இருக்கிறது. ஹெர்க்குக்கு எதிரில் ஆட்கள் நின்றார்கள். தவறினால் அந்தக் கணமே தரை காலியாகும். செல்போனில் செய்கிறவன் இயர்ஃபோனுக்குள் செய்கிறான், அவன் இசையைப் பெறுகிறவனும் இயர்ஃபோனுக்குள் பெறுகிறான். நடுவில் இருப்பது எண்ணிக்கை. எத்தனை பேர் கேட்டார்கள் என்று சொல்லும், எந்த இடத்தில் கால் தரையைவிட்டு எழுந்தது என்று சொல்லாது. சிங்கப்பூரின் பேண்ட்லேப் போன்றவற்றில் ஒருவர் செய்ததை முகமறியாத இன்னொருவர் எடுத்துத் தொடரலாம். நல்ல வசதி. ஆனால் அது கூட்டமல்ல, வரிசை. ஒருவர் பின் ஒருவராக வந்து போகிறார்கள், ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் யாரும் வியர்ப்பதில்லை.

இன்னொரு இழப்பை விற்பவர்கள் சொல்லமாட்டார்கள். கதவு எல்லோருக்கும் ஒரே அளவில் திறக்கவில்லை. மலிவான ஆண்ட்ராய்டு செல்போன்களில் விரல் தட்டுவதற்கும் ஒலி எழுவதற்கும் இடையே பல வருஷங்களுக்குக் காதுக்குத் தெரியும் தாமதம் இருந்தது. நல்ல இசைச் சாதனங்கள் முதலில் ஆப்பிளில் வந்ததற்கு இது ஒரு காரணம். தாளக் கலையில் அந்தத் தாமதம் சிறிய விஷயமல்ல. அது டில்லாவின் தாமதம் போல ஒருவன் தேர்ந்துகொண்டதல்ல, விலைப்பட்டியல் அவன் விரல்மேல் சுமத்தியது. இரண்டு தாமதமும் காதுக்கு ஒன்றுபோல ஒலிக்கக்கூடும். ஒன்றை நடை என்கிறோம், மற்றதைக் குறை என்கிறோம்.

ஆகவே செல்போன் இசையைப் பற்றி எழுத முன்வருகிறவர்கள், அது எதில் செய்யப்பட்டது என்ற செய்தியோடு நின்றுவிடாமல் இருப்பது நல்லது. அந்தச் செய்தி விளம்பரக்காரனுக்குப் பயன்படும். கருவி தானாகக் கொடுத்தவற்றில் எதை இவன் வாங்க மறுத்தான், மறுத்த இடத்தில் எதைக் கொண்டுவந்து வைத்தான், யாருடைய ஞாபகம் அதில் கேட்கிறது, யாருடைய கால்களை நினைத்து அது செய்யப்பட்டது என்று கேட்கவேண்டும். இந்தக் கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்கும் பாட்டுகள் செல்போனிலிருந்தும் வருகின்றன, குறைவாக வருகின்றன. பத்து விநாடி இயந்திரத்திலிருந்தும் குறைவாகத்தான் வந்தன. மற்றவை மறந்துபோய்விட்டதால் அந்தக் காலம் முழுவதும் பொற்காலம் போலத் தெரிகிறது.