ரெண்டே ரெண்டு மாற்றம், பறக்குதுங்க!

யார் கிடைத்தாலும் பிடித்து உட்காரவைத்து இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்று நீங்கள் மாட்டினீர்கள்! ரூட்டரை மாற்றவில்லை, பிளானை ஏற்றவில்லை, மெஷினை ரீபூட்கூடச் செய்யவில்லை. லினக்ஸ் கர்னலில் ரெண்டு இடத்தில் கை வைத்தேன், அவ்வளவுதான்.

நினைத்துப் பாருங்கள். சர்வர் அமெரிக்காவில், வர்ஜீனியாவில். நான் சென்னையில். ஒரு பாக்கெட் போய்ப் பதில் வர 200 மில்லிசெகண்டுக்கு மேல். ரெண்டு பக்கமும் 1 ஜிகாபிட் லைன் இருந்தும் பேக்கப் ஃபைல் இறங்குகிற லட்சணத்தைப் பார்த்தால் அழுகைதான் வரும். காரணம் லைன் இல்லை! அந்த லைன் நிரம்ப எந்த நேரமும் 25 எம்பி டேட்டா வழியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். என் மெஷின்களில் லினக்ஸ் வழக்கமாக விட்டிருந்த உச்ச பஃபரோ வாங்கும் பக்கம் 6 எம்பி, அனுப்பும் பக்கம் 4 எம்பி. பந்தி ஒரு தெருவில், சமையல்கட்டு அடுத்த தெருவில், பரிமாறுகிறவர் கையில் சின்னக் கிண்ணம் என்றால் இலைக்குச் சோறு எப்போது வந்து சேரும்?

அதனால் முதலில், கர்னல் அமைப்புகளை மாற்றுகிற சிஸ்சிடிஎல்லில் டிசிபி ஆர்மெம் (வாங்கும் பஃபர்), டபிள்யூமெம் (அனுப்பும் பஃபர்) ரெண்டிலும் உச்சத்தைச் சொல்லும் மூன்றாவது எண்ணை 64 எம்பி ஆக்கினேன். (கோர் ஆர்மெம் மேக்ஸையும் ஏற்றச் சொல்லிப் பலர் அடம்பிடிப்பார்கள், தானாக வளர்கிற டிசிபி பஃபருக்கு அது தேவையே இல்லை.)

ஆனால் உண்மையான கதாநாயகன் ரெண்டாவது மாற்றம், பிபிஆர்! டேட்டாவை எவ்வளவு வேகத்தில் அனுப்புவது என்று முடிவுசெய்கிற கன்ஜெஷன் கன்ட்ரோல் முறை இது. 2006-லிருந்து லினக்ஸில் அந்த வேலைக்கு வழக்கமாக இருப்பது கியூபிக். ஒரு பாக்கெட் தொலைந்தாலே நெரிசல் என்று முடிவுகட்டி வேகத்தை முப்பது சதவீதம் வெட்டிவிடும். கடல் தாண்டி வருகிற வழியில் ஒன்றிரண்டு தொலையாமலா இருக்கும்? பிபிஆர் தொலைந்ததைப் பார்த்துப் பதறாது, வழி எவ்வளவு தாங்கும், போய்வர எவ்வளவு நேரம் என்று அளந்து அந்தக் கணக்கில் அனுப்பும். கூகுள்காரர்கள் எழுதி 2016 டிசம்பரில் 4.9 கர்னலோடு வந்தது. எழுதியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? வான் ஜேக்கப்சன்! 1986-ல் பெர்க்லியில் வெறும் 400 கஜ தூரத்துக்குள் வேகம் 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தபோது, இன்டர்நெட்டைத் தூக்கி நிறுத்தின அதே மனுஷன்!

பிபிஆர் அனுப்புகிற பக்கத்து வேலை, அதனால் வர்ஜீனியா சர்வரில் கன்ஜெஷன் கன்ட்ரோலை பிபிஆருக்கு மாற்றினேன், ஓடிக்கொண்டிருக்கிற இணைப்பு பழைய புத்தியோடுதான் ஓடும் என்பதால் டவுன்லோடை நிறுத்தி மறுபடி தட்டினேன், தட்டின கை கீபோர்டிலேயே நின்றுவிட்டது, ஐயோ, கர்ல் காட்டுகிற வேக எண் ஏறுகிறது, ஏறுகிறது, ஏறிக்கொண்டே போகிறது, இனி விழும் இனி விழும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன், விழவே இல்லை, ஒரு டெர்மினலில் எஸ்எஸ் கட்டளை பிபிஆர் என்று சொல்லிக்கொண்டு விண்டோ வீங்குவதையும் காட்டுகிறது, இன்னொன்றில் மிச்ச நேரம் மணியிலிருந்து நிமிஷத்துக்கு இறங்கிவிட்டது, நான் சேரை விட்டு எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வெட்கமே இல்லாமல் இறங்கின ஃபைலை அழித்துவிட்டு அந்த எண் ஏறுவதைப் பார்க்கவே மறுபடி இறக்கினேன்! டீக்கடையில் நின்று ரவுண்ட் ட்ரிப் டைம் பற்றிப் பேசினேன் என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் ஓடுகிற கியூபிக் இணைப்புகளை பிபிஆர் கொஞ்சம் நெருக்கும் என்கிறார்கள். இருக்கட்டும், அதற்கும் அடுத்தடுத்த பதிப்புகளில் வேலை நடக்கிறது.

உங்கள் சர்வரில் கர்னல் 4.9-ஓ அதற்கு மேலோ இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பிபிஆர் மாட்யூலை ஏற்றி, அதற்கு மாற்றி, சோதித்துவிட்டு, இந்த மாற்றங்களை சிஸ்சிடிஎல் கோப்பிலும் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த ரீபூட்டில் பழைய கியூபிக் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்!