உறவினர் தரும் ரத்தம் மட்டமா?

மலேரியாவால் ரத்தம் வற்றிய குழந்தைக்கு எவ்வளவு அவகாசம் இருக்கிறது? மேற்குக் கென்யாவின் மருத்துவமனை ஒன்றில் நடந்த ஆய்வு 1992இல் லான்செட் இதழில் வெளியானது. ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 4.7 கிராமுக்கும் கீழே இறங்கி, மூச்சு விடத் திணறி வந்த குழந்தைகளுக்குச் சேர்த்த அன்றோ மறுநாளோ ரத்தம் ஏற்றியபோது பிழைத்தவர்களின் விகிதம் கூடியது. அதற்கும் பிந்தி ஏற்றியதில் பலன் தெரியவில்லை. ஏழை நாடுகளின் ரத்தக் கொள்கை எதுவானாலும் இந்தக் கெடுவை வைத்துத்தான் அதை எடைபோட வேண்டும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, வருமானம் குறைந்த நாடுகளில் ஆயிரம் பேருக்கு 5 முறைதான் ரத்தம் சேகரிக்கப்படுகிறது. பணக்கார நாடுகளில் 31க்கும் மேல்.

பற்றாக்குறைக்கு அந்த நிறுவனம் காட்டிய வழி, கைம்மாறு கருதாத தன்னார்வக் கொடை. 1975இல் உலக சுகாதாரப் பேரவை அதைத் தீர்மானமாக்கியது. 2020க்குள் உலகம் முழுவதும் 100 சதவீதம் தன்னார்வ ரத்தமே இருக்க வேண்டும் என்று 2009இல் மெல்போர்னில் இலக்கும் வைத்தார்கள். காசுக்கு ரத்தம் விற்பவர் தன் நோயை மறைப்பார் என்ற வாதம் வலுவானது. அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் மருமகளின் பிரசவத்துக்காக ஓடிவந்து கை நீட்டும் மாமனாரும் ஒழிக்கப்பட வேண்டியவர் பட்டியலில் சேர்க்கப்பட்டார். அதற்கு என்ன சான்று?

சான்று பலவீனம். ஆப்பிரிக்காவில் தன்னார்வலர்களில் பெரும்பகுதி பள்ளி மாணவர்கள். உறவினராக வருபவர்கள் வயதில் மூத்தவர்கள். வயது ஏற ஏற எச்ஐவி தொற்றும் கூடும் இடத்தில், இந்த இரு கூட்டத்தையும் அப்படியே ஒப்பிட்டு ஒன்றைச் சுத்தம் என்பது தவறான கணக்கு. கானாவில் பல ஆண்டுகள் உழைத்த ரத்தமேற்ற ஆய்வாளர் ழான் பியேர் அலென் போன்றவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சுட்டினார்கள்: முதல்முறை கொடுக்கும் தன்னார்வலருக்கும் உறவினருக்கும் தொற்றில் பெரிய வேறுபாடு இல்லை. உண்மையிலேயே பாதுகாப்பானவர், ஒருமுறை சோதனையில் தேறி மறுபடியும் வந்து கொடுப்பவர்தான்.

கொள்கைக்குக் கொடுத்த விலையைக் கென்யாவில் பார்க்கலாம். 1998இல் நைரோபி அமெரிக்கத் தூதரகத்தில் குண்டு வெடித்தபோது ரத்த ஏற்பாட்டின் ஓட்டைகள் அம்பலமாயின. அமெரிக்கப் பணத்தோடு 2001இல் தேசிய ரத்த சேவை உருவானது. அது நல்ல வேலையே செய்தது. சோதனை முறை திருந்தியது. ஆனால் பள்ளி பள்ளியாக வண்டி அனுப்பி, மண்டல மையத்தில் சோதித்து, மீண்டும் மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்கும் முறைக்குச் செலவு அதிகம். விடுமுறை விட்டால் வரத்து வற்றிவிடும். 2019இல் அமெரிக்க நிதி நின்றதும் சேகரிப்பு சரிந்தது. நோயாளிகளின் வீட்டார் சமூக வலைத்தளங்களில் ரத்தம் கேட்டுப் பதிவிட்டார்கள். தன்னார்வக் கொள்கையின் கீழேயே குடும்பங்கள் மறுபடியும் தெருவில் நின்றன.

எதிர்வாதத்தையும் இலேசாகத் தள்ள முடியாது. உறவினர் முறை மட்டும் இருந்தால், பிள்ளை பெற்று ரத்தப்போக்கில் தவிக்கும் பெண்ணுக்கு, துணைக்கு வந்த தாயும் சோகை பிடித்தவராக இருந்தால், யார் கொடுப்பது? ஆள் கிடைக்காத குடும்பம் மருத்துவமனை வாசலில் தரகரைப் பிடித்து, பணம் வாங்கியவரை 'மச்சான்' என்று கூட்டிவரும். காசுக்கு விற்கும் ரத்தம் கொல்லைப்புறமாக நுழைவது இப்படித்தான். இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 1996இல் தொழில்முறைக் கொடையாளரைத் தடுத்த பிறகும் இந்தத் தரகு ஒழியவில்லை. தேவை எழுந்த பின் ஆள் தேடும் முறை, அந்தக் குறுகிய கெடுவிலும் பெரும்பாலும் தோற்கும். குளிர்பெட்டியில் ரத்தம் முன்கூட்டியே இருக்க வேண்டும் என்பதில் உலக சுகாதார நிறுவனம் சொல்வது முழுக்கச் சரி.

ஆகவே என் தீர்ப்பு: தன்னார்வக் கொடை என்ற திசை சரி, உறவினரை ஒதுக்கிய முடிவு பிழை. பிழைக்குக் காரணம், கொடுப்பவர் ஏன் கொடுக்கிறார் என்று பார்த்தார்களே தவிர, மறுபடி வருவாரா என்று பார்க்கவில்லை. கானாவின் குமாசியில் ஓர் எஃப்எம் வானொலி நிலையம் நேயர்களை அழைத்து, சில மாத இடைவெளியில் மீண்டும் மீண்டும் கொடுக்க வைத்தது. ரத்த மையத்துக்குச் செலவும் குறைவு. அதே அழைப்பு, உறவினருக்காக வந்து சோதனையில் தேறியவருக்கும் போக வேண்டும். தொலைபேசி எண்ணை வாங்கி, சோதனை முடிவைச் சொல்லி, நான்கு மாதம் கழித்துக் கூப்பிட ஓர் ஊழியர் போதும். நாடுகளைத் தன்னார்வ சதவீதத்தால் தரம் பிரிக்கும் அட்டவணையில், திரும்பி வந்த கொடையாளர் எத்தனை பேர் என்ற பத்தி முதலில் வர வேண்டும்.